டிஸ்க் பட்டியல் கட்டளைகள்: எல்எஸ்பிஎல்கே முதல் டிஸ்க்யூட்டில் வரை ஒரு மதிப்பீடு

வெறுமனே பார்த்து ரசிப்பதற்காக யாரும் டிஸ்க் பட்டியலை எடுப்பதில்லை. அடுத்து வரப்போவது டிடி, எம்கேஎஃப்எஸ், வைப்எஃப்எஸ் மாதிரி டிஸ்க்கில் எழுதும் அல்லது அழிக்கும் கட்டளை ஏதோ ஒன்று. எஸ்டிபி, எஸ்டிசி என்பவை லினக்ஸ் டிஸ்க்குகளுக்கு வைக்கும் பெயர்கள்; எஸ்டிபி என்று அடிக்க வேண்டிய இடத்தில் எஸ்டிசி என்று அடித்தால், பென்டிரைவுக்குப் பதிலாக பேக்கப் டிஸ்க் காலியாகும். அதனால் கீழே வரும் கருவிகளை ஒரே கேள்வியை வைத்துத்தான் எடைபோட்டிருக்கிறோம்: எழுதப்போவது இந்த டிஸ்க்கில்தான் என்று ஐயமில்லாமல் சொல்ல இது உதவுகிறதா? வண்ணம், மரக்கிளைப் படம், வசதியான விருப்பங்கள் எல்லாம் அதற்குப் பிறகு.

கட்டளைகளையும் நெடுவரிசைப் பெயர்களையும் இங்கே ஒலிப்படி தமிழில் எழுதியிருக்கிறோம். டெர்மினலில் அடிக்கும்போது வழக்கமான ஆங்கில எழுத்துகள்தான். பெரிய எழுத்து தேவைப்படும் இடத்தில் மட்டும் தனியே சொல்கிறோம்.

எல்எஸ்பிஎல்கே: முதல் இடம், ஆனால் வெறுமனே அடிக்காதீர்கள்

லினக்ஸில் இந்த வேலைக்கு எல்எஸ்பிஎல்கேதான் முதலில் எடுக்க வேண்டிய கருவி. யூட்டில்-லினக்ஸ் தொகுப்போடு வருவதால் பெரும்பாலான விநியோகங்களில் தனியாக நிறுவ வேண்டியதில்லை. ரூட் (நிர்வாகி) அனுமதி கேட்பதில்லை. தகவலை இயங்குதளத்தின் மையமான கர்னல் தரும் சிஸ்எஃப்எஸ் கோப்புகளிலிருந்தும், சாதன விவரங்களைக் குறித்துவைக்கும் யூடெவ்வின் தரவுத்தளத்திலிருந்தும் எடுப்பதால், சாதாரணமாக டிஸ்க்கைத் தொட்டுப் படிப்பதுகூட இல்லை. இந்தக் கடைசிக் குணத்தின் அருமை, சாகக் கிடக்கும் ஹார்ட் டிஸ்க் ஒன்று மாட்டியிருக்கும்போது தெரியும். டிஸ்க்கை நேரடியாகப் படிக்கும் மற்ற கருவிகள் பழுதான செக்டாரில் மாட்டிக்கொண்டு நிமிடக்கணக்கில் உறைந்து நிற்க, எல்எஸ்பிஎல்கே உடனே பதில் தந்துவிடும்.

குறை, அதன் இயல்பான வெளியீட்டில் இருக்கிறது. பெயர், மேஜர் மைனர் எண்கள் (கர்னல் சாதனங்களுக்குத் தரும் எண்கள்), ஆர்எம் (கழற்றக்கூடியதா), அளவு, ஆர்ஓ (படிக்க மட்டுமா), வகை, மவுண்ட் ஆன இடம் (எந்த அடைவில் திறந்திருக்கிறது): இவ்வளவுதான் வரும். இதில் ஒரு டிஸ்க்கை அடையாளம் காட்டும் விவரம் என்று பார்த்தால் அளவு ஒன்றுதான். ஒரே அளவில் இரண்டு டிஸ்க்குகள் இருந்தால் அதுவும் கைகொடுக்காது. மேஜர் மைனர் எண்களை அன்றாடம் யாருக்கும் தேவைப்படாத நிலையில் இயல்பிலேயே காட்டிவிட்டு, மாடலையும் சீரியலையும் மறைத்து வைத்திருப்பது விசித்திரமான தேர்வு. ஆகவே இப்படி அடிப்பதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள்:

எல்எஸ்பிஎல்கே -டி -இ 1,7 -ஓ நேம்,சைஸ்,டிரான்,மாடல்,சீரியல்,ஹாட்பிளக்

டி (டிஸ்க் என்ற சொல்லின் முதல் எழுத்து) என்பது பார்ட்டிஷன்களையும், மேலே அடுக்கியிருக்கும் எல்விஎம் (டிஸ்க்குகளைச் சேர்த்துப் பிரிக்கும் அடுக்கு) போன்றவற்றையும் விட்டுவிட்டு டிஸ்க்குகளை மட்டும் காட்டச் சொல்வது. டிரான் நெடுவரிசையில் சாட்டா, யூஎஸ்பி, என்விஎம்இ என்று இணைப்பு வகை வரும். பென்டிரைவைப் பிரித்தறிய இதைவிட விரைவான வழி கிடையாது. இ என்பது விலக்க வேண்டிய மேஜர் எண்கள். 7 என்பது லூப் சாதனங்கள், அதாவது டிஸ்க்போலக் காட்டப்படும் கோப்புகள். ஸ்னாப் தொகுப்புகள் நிறுவிய உபுண்டுவில் பட்டியலைப் பக்கம் பக்கமாக நீட்டுபவை இவைதான். 1 என்பது ரேம் டிஸ்க். எல்எஸ்பிஎல்கே இதைத் தானாகவே மறைக்கும் என்றாலும், நீங்களாக ஒரு விலக்குப் பட்டியல் கொடுத்தவுடன் அந்த இயல்பு போய்விடும். 7 மட்டும் கொடுத்தால், ரேம் டிஸ்க் மாட்யூல் ஏற்றியிருக்கும் கணினியில் லூப் போய் ரேம் வந்து நிற்கும். இரண்டையும் சேர்த்துக் கொடுப்பதற்குக் காரணம் அதுதான்.

ஆர்எம் நெடுவரிசையை நம்பி முடிவெடுக்க வேண்டாம். 'கழற்றக்கூடியது' என்று அது சொல்வது, மீடியாவை மட்டும் தனியே எடுக்க முடியுமா என்பதைப் பற்றியது. பென்டிரைவுக்கும் கார்டு ரீடருக்கும் பெரும்பாலும் 1 வரும். வெளியிலிருந்து யூஎஸ்பியில் மாட்டிய ஹார்ட் டிஸ்க்குக்கு வழக்கமாக 0 தான். வெளி டிஸ்க்கா என்று தெரிய ஹாட்பிளக் நெடுவரிசையும் டிரானும் சேர்ந்தால் சரியான பதில் கிடைக்கும். ரோட்டா நெடுவரிசையிலும் இதே சிக்கல். சுழலும் டிஸ்க்குக்கு 1, எஸ்எஸ்டிக்கு 0 என்பது விதி. ஆனால் யூஎஸ்பி பெட்டிக்குள் இருக்கும் பிரிட்ஜ் சிப் (யூஎஸ்பியையும் டிஸ்க்கையும் இணைக்கும் சிப்), சுழற்சி விவரத்தைக் கடத்தாவிட்டால் கர்னல் அதைச் சுழலும் டிஸ்க் என்றே எடுத்துக்கொள்ளும். யூஎஸ்பி வழியாக மாட்டிய எஸ்எஸ்டிக்கு 1 வந்தால் டிஸ்க்கின் மேல் சந்தேகப்படத் தேவையில்லை.

இனி, மவுண்ட் நெடுவரிசை. ஆட்களை அதிகம் ஏமாற்றுவது இதுதான். அது காலியாக இருந்தால் 'டிஸ்க் பயன்பாட்டில் இல்லை' என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். பல டிஸ்க்குகள் சேர்ந்த பிடிஆர்எஃப்எஸ் தொகுதியில், மவுண்ட் ஆன இடம் ஓர் உறுப்பு டிஸ்க்குக்கு எதிரே மட்டும் வரும். மற்றவை காலியாகத் தெரியும். இசட்எஃப்எஸ் பூலில் (டிஸ்க்குகளைச் சேர்த்த சேமிப்புத் தொகுப்பில்) இருக்கும் டிஸ்க்குகளுக்கு எந்த மவுண்டும் வராது, ஏனென்றால் அந்த மவுண்ட்டை பிளாக் சாதனத்தோடு கர்னல் இணைத்துக் காட்டுவதில்லை. மெய்நிகர் கணினிக்கு முழுதாகக் கொடுத்துவிட்ட டிஸ்க்கும், இன்னும் செயல்படுத்தாத எல்விஎம் குழுவைச் சேர்ந்த டிஸ்க்கும் அப்படித்தான். எனவே மவுண்ட் காலியாக இருந்தால் அடுத்து பார்க்க வேண்டியது எஃப்எஸ்டைப் (ஃபைல் சிஸ்டம் வகை) நெடுவரிசை. எல்எஸ்பிஎல்கே -எஃப் என்று அடித்தால் அது வந்துவிடும். 'இசட்எஃப்எஸ்_மெம்பர்', 'எல்விஎம்2_மெம்பர்', 'லினக்ஸ்_ரெய்டு_மெம்பர்', 'கிரிப்டோ_லக்ஸ்' என்று ஏதேனும் இருந்தால் அந்த டிஸ்க்குக்கு ஓர் உரிமையாளர் இருக்கிறார் என்று பொருள்.

அடுக்குகள் அதிகமான சர்வர்களில் மரத்தைத் தலைகீழாகப் பார்க்கும் -எஸ் விருப்பம் (சின்ன எழுத்து) நல்ல உதவி. மேலே இருக்கும் எல்விஎம் தொகுதியின் பெயரைக் கொடுத்தால், அது எந்தப் பார்ட்டிஷன், எந்த டிஸ்க் மேல் உட்கார்ந்திருக்கிறது என்று கீழ்நோக்கி இறங்கிக் காட்டும். பெரிய எழுத்து எஸ் வேறு வேலை: எஸ்சிஎஸ்ஐ வகைச் சாதனங்களை மட்டும் காட்டும். இரண்டு டிஸ்க்குகளில் ஒரே தரவை வைக்கும் ரெய்டு 1 அமைப்பில், ஒரே எம்டி0 (ரெய்டு சாதனத்தின் பெயர்) இரண்டு டிஸ்க்குகளின் கீழும் இரண்டு முறை வரும். இரண்டு எம்டி0 இருக்கிறது என்று எண்ணிவிடக் கூடாது. புதிய பதிப்புகளில் பெரிய எழுத்து எம் கொடுத்தால் ஒன்றாக இணைத்துக் காட்டும்.

கன்டெய்னர், சிஹெச்ரூட் போன்ற தனித்து ஒதுக்கிய சூழல்களுக்குள் எஃப்எஸ்டைப், லேபிள், யூயூஐடி (ஃபைல் சிஸ்டத்தின் அடையாள எண்) எல்லாம் வெறுமையாக வருவது அடிக்கடி கேட்கப்படும் குறை. யூடெவ் தரவு இருக்கும் /ரன்/யூடெவ் அடைவு உள்ளே தெரியாததே காரணம். டிஸ்க்கில் எந்தப் பிழையும் இல்லை. பார்ட்டிஷன் பிரித்த மறுநொடியே எல்எஸ்பிஎல்கே ஓட்டும் ஸ்க்ரிப்டுகளில் பழைய விவரம் வருவதும் இதே வகைதான். யூடெவ் இன்னும் தன் குறிப்பேட்டைப் புதுப்பித்து முடித்திருக்காது. இடையில் 'யூடெவ்ஆட்ம் செட்டில்' என்று ஒரு வரி போட்டால் தீர்ந்தது.

ஸ்க்ரிப்ட் எழுதுபவர்களுக்கு இன்னும் இரண்டு சொற்கள். இயல்பான வெளியீடு பதிப்புக்குப் பதிப்பு மாறக்கூடியது என்று அதன் கையேடே எச்சரிக்கிறது, அதனால் தேவையான நெடுவரிசைகளை -ஓ வழியாகப் பெயர் சொல்லிக் கேளுங்கள். யூட்டில்-லினக்ஸ் 2.37இல் 'மவுண்ட்பாயிண்ட்' இருந்த இடத்தில் பன்மையாக 'மவுண்ட்பாயிண்ட்ஸ்' வந்தபோது, நெடுவரிசையை எண்ணிப் பிரித்த ஸ்க்ரிப்டுகள் பல உடைந்தன. மாடல் பெயருக்குள் இடைவெளி வருவதால் ஆக் என்ற உரைக் கருவி கொண்டு வார்த்தை வார்த்தையாகப் பிரிப்பதும் சரிப்படாது. பெரிய எழுத்து ஜே கொடுத்து ஜேசான் என்ற தரவு வடிவில் எடுத்து, அதைப் படிக்கும் ஜேக்யூ கருவியிடம் கொடுப்பதே உறுதியான வழி. அதிலும் பழைய பதிப்புகள் ஆர்எம் மதிப்பை மேற்கோளுக்குள் "0" என்று எழுதும், புதியவை உண்மை/பொய் மதிப்பாக எழுதும். இரண்டையும் ஏற்கும்படி எழுதிவிடுங்கள். அளவைக் கணக்குக்கு எடுப்பதானால் -பி சேர்த்துப் பைட்டாகக் கேளுங்கள்.

எஃப்டிஸ்க் -எல்: சாட்சிக்கு அழைக்க வேண்டியது

எஃப்டிஸ்க் -எல் ரூட் அனுமதி கேட்கும், லூப் சாதனங்களையும் சேர்த்துக் கொட்டும், வெளியீடு நீளம். ஆனாலும் இதைத் தள்ளிவிட முடியாது. கர்னல் என்ன நினைக்கிறது என்று எல்எஸ்பிஎல்கே சொன்னால், டிஸ்க்கின் தலைப்பில் உண்மையில் என்ன எழுதியிருக்கிறது என்று எஃப்டிஸ்க் படித்துச் சொல்லும். எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதைச் செக்டார் கணக்கில் தருவதும் இதுதான். எல்லா டிஸ்க்குகளையும் கேட்காமல், எஃப்டிஸ்க் -எல் /டெவ்/எஸ்டிபி என்று ஒன்றை மட்டும் கேட்டால் படிக்கத் தோதாக இருக்கும்.

இதன் டைப் நெடுவரிசையைப் படிக்கும்போது கவனம் வேண்டும். அதில் வருவது பார்ட்டிஷன் அட்டவணையில் எழுதிய வகைக் குறியீடு. உள்ளே இருக்கும் ஃபைல் சிஸ்டத்தை எஃப்டிஸ்க் அந்த நெடுவரிசைக்காகப் பார்ப்பதில்லை. 'மைக்ரோசாஃப்ட் பேசிக் டேட்டா' என்றால் என்டிஎஃப்எஸ், எக்ஸ்ஃபேட், ஃபேட்32 எதுவாகவும் இருக்கலாம். 'லினக்ஸ் ஃபைல்சிஸ்டம்' என்றால் எக்ஸ்ட்4 ஆகவும் இருக்கலாம், எக்ஸ்எஃப்எஸ் ஆகவும் இருக்கலாம். அந்த விவரம் தேவையென்றால் எல்எஸ்பிஎல்கே -எஃப் பக்கம் திரும்புங்கள்.

சிவப்பு எழுத்தில் வரும் எச்சரிக்கைகளில் பெரும்பாலானவை பயமுறுத்தும் அளவுக்குப் பெரிதல்ல. சின்ன டிஸ்க்கின் இமேஜைப் பெரிய டிஸ்க்கில் எழுதினால் 'பிஎம்பிஆர் அளவு பொருந்தவில்லை', 'பேக்கப் அட்டவணை டிஸ்க்கின் கடைசியில் இல்லை' என்ற பொருளில் செய்திகள் வரும். ஜிபிடி என்ற பார்ட்டிஷன் அட்டவணை தன் இரண்டாவது பிரதியை டிஸ்க்கின் கடைசிச் செக்டார்களில் எதிர்பார்க்கிறது. இமேஜின் கடைசியோ டிஸ்க்கின் நடுவில் எங்கோ விழுந்திருக்கிறது. தரவுக்கு ஆபத்தில்லை.

கவலைப்பட வேண்டியது வேறொன்று. நேற்றுவரை யூஎஸ்பி பெட்டியில் வேலை செய்த டிஸ்க்கைக் கழற்றி நேரடியாக சாட்டாவில் மாட்டினால் பார்ட்டிஷன்களே காணவில்லை. எஃப்டிஸ்க்கில் டிஸ்க் முழுக்க 'இஇ' வகையில் ஒரே ஒரு பார்ட்டிஷன் மட்டும் தெரிகிறது. இப்படி வந்தால், எதையும் எழுதிவிடாமல், 'செக்டார் அளவு' என்ற வரியைப் பாருங்கள். சில பிரிட்ஜ் சிப்புகள் 512 பைட் செக்டார் டிஸ்க்கை 4096 பைட் செக்டாராக மாற்றிக் காட்டும். ஜிபிடி தலைப்பு இருப்பது 1ஆம் செக்டாரில். பெட்டிக்குள் இருந்தபோது அது 4096ஆவது பைட்டில் எழுதப்பட்டது. சாட்டாவில் மாட்டியதும் கர்னல் 512ஆவது பைட்டில் தேடுகிறது. 0ஆம் செக்டாரில் இருக்கும் பாதுகாப்பு எம்பிஆர் (மேலே சொன்ன பிஎம்பிஆர், பழைய பாணி அட்டவணை) மட்டும் இருவருக்கும் பொதுவாகக் கண்ணில் படுகிறது. பழைய பெட்டியிலேயே மறுபடி மாட்டினால் எல்லாம் திரும்பிவரும். தரவை வேறிடத்துக்கு நகலெடுத்த பிறகு டிஸ்க்கை சாட்டாவில் மாட்டிப் புதிதாகப் பிரித்துக்கொள்ளலாம். எல்எஸ்பிஎல்கே -டி (சின்ன எழுத்து டி, டோபாலஜிக்கானது, டிஸ்க்குகளை மட்டும் காட்ட மேலே சொன்ன டி வேறு எழுத்து) கொடுத்தும் செக்டார் அளவுகளைப் பார்க்கலாம். தமிழில் இரண்டும் ஒரே ஒலியாக இருப்பதால், குழப்பம் வேண்டாதவர்கள் -ஓ நேம்,லாக்-செக்,ஃபை-செக் என்று நெடுவரிசைப் பெயரையே கொடுங்கள்.

இதே குடும்பத்தைச் சேர்ந்த எஸ்எஃப்டிஸ்க்கின் 'டம்ப்' விருப்பம், அட்டவணை முழுவதையும் மறுபடி ஏற்றக்கூடிய உரையாக வெளியே தள்ளும். எந்தப் பார்ட்டிஷன் வேலைக்கும் முன்னால் அதை ஒரு கோப்பில் போட்டு வேறு டிஸ்க்கில் வைத்துக்கொள்வது ஒரு நிமிட வேலை.

பார்ட்டட் -எல், பிஎல்கேஐடி: நிபந்தனையுடன்

பார்ட்டட் -எல் படிக்க அழகாக இருக்கும். காலியிடத்தையும் சேர்த்துக் காட்டும் 'பிரிண்ட் ஃப்ரீ' வேறு எதிலும் இவ்வளவு தெளிவாகக் கிடைக்காது. ஆனால் பட்டியல் கேட்கப் போன இடத்தில் கேள்வி கேட்கும் பழக்கம் இதற்கு உண்டு. மேலே சொன்ன ஜிபிடி பேக்கப் பிரச்சினையைக் கண்டால் 'சரிசெய்யவா, விட்டுவிடவா' என்று நின்று கேட்கும். அவசரத்தில் 'ஃபிக்ஸ்' என்று பதில் சொன்னால், பார்க்க மட்டும் வந்த நீங்கள் டிஸ்க்கில் எழுதிவிட்டீர்கள். ஆய்வுக்காகத் தொடாமல் வைத்திருக்க வேண்டிய டிஸ்க் என்றால் இது பெரிய தவறாகிவிடும். ஸ்க்ரிப்டிலும், நமக்கே உரியதல்லாத டிஸ்க்குகளிலும் -எஸ் சேர்த்தால் கேள்வி கேட்காது. எஃப்டிஸ்க்கில் 'டபிள்யூ' அடிக்கும்வரை எதுவும் எழுதப்படாது. பார்ட்டட்டில் ஒவ்வொரு கட்டளையும் உடனே டிஸ்க்கில் இறங்கும். ஒன்றில் பழகிய கை மற்றதில் தடுமாறுவது இங்கேதான்.

பிஎல்கேஐடியைப் பல பழைய வழிகாட்டிகள் முதல் கட்டளையாகச் சொல்கின்றன. அந்தக் காலம் போய்விட்டது. ரூட் இல்லாமல் ஓட்டினால் சேமித்து வைத்த பழைய, சரிபார்க்காத தகவலைத்தான் தரும். கழற்றிப்போன பென்டிரைவின் யூயூஐடியை இன்னும் இருப்பதுபோலக் காட்டக்கூடும். அதோடு, அடையாளக் குறி எதுவும் இல்லாத புத்தம்புதிய டிஸ்க் இதன் பட்டியலில் வரவே வராது. அதன் கையேடே எல்எஸ்பிஎல்கே -எஃப் பக்கம் கைகாட்டுகிறது. இருந்தாலும் ஒரு சந்தர்ப்பத்தில் இதற்கு மாற்று இல்லை. ரூட்டாக பிஎல்கேஐடி -பி /டெவ்/எஸ்டிபி1 என்று கொடுத்தால் சேமிப்பை ஒதுக்கிவிட்டு டிஸ்க்கையே நேரடியாகத் துருவும். ஒரே பார்ட்டிஷனில் பழைய ஃபைல் சிஸ்டத்தின் எச்சமும் புதியதும் சேர்ந்து கிடந்தால், எதுவென்று சொல்ல முடியவில்லை என்று வெளியேறும். வெளியேறும் குறியீடு 8. அப்போது வைப்எஃப்எஸ்ஸை எந்த விருப்பமும் இல்லாமல் ஓட்டினால், எந்த இடத்தில் எந்தக் குறி இருக்கிறது என்று பட்டியல் மட்டும் போடும். -ஏ சேர்த்தால்தான் அழிக்கும்.

எழுதும்போது எந்தப் பெயர்?

பட்டியலில் எஸ்டிபி என்று பார்த்துவிட்டு, டிடியில் எஸ்டிபி என்று அடிப்பதில் அடிப்படையான ஓட்டை ஒன்று இருக்கிறது. இந்த எழுத்துகள் கர்னல் டிஸ்க்கைக் கண்டுபிடிக்கும் வரிசையில் ஒட்டப்படுபவை. அடுத்த பூட்டில், சிலசமயம் யூஎஸ்பி ஒருமுறை கழன்று மாட்டினாலே, மாறிவிடும். என்விஎம்இ பெயர்களும் அப்படியே: என்விஎம்இ0என்1பி2 என்றால் 0ஆவது கன்ட்ரோலர், 1ஆவது நேம்ஸ்பேஸ், 2ஆவது பார்ட்டிஷன் என்று அர்த்தம், ஆனால் அந்த 0 எந்தச் சாக்கெட்டுக்குப் போகும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

இதற்கு மருந்து /டெவ்/டிஸ்க்/பை-ஐடி அடைவு. எல்எஸ் -எல் கொடுத்துப் பார்த்தால், இணைப்பு வகை, மாடல், சீரியல் மூன்றும் கோர்த்த நீளமான பெயர்களும், ஒவ்வொன்றும் எந்த எஸ்டி எழுத்தைச் சுட்டுகிறது என்பதும் தெரியும். டிடியின் 'ஓஎஃப்' (எங்கே எழுதுவது) இடத்தில் அந்த நீளப் பெயரையே கொடுங்கள். பென்டிரைவ் இடையில் கழன்றுவிட்டால் அந்தப் பெயரும் மறைந்துவிடும். வேறொரு டிஸ்க் அந்த இடத்துக்கு வந்து மாட்டிக்கொள்ளாது.

ஒரு பள்ளம் மட்டும் மீதம். ரூட்டாக இருக்கும்போது இல்லாத பெயரைக் கொடுத்தால் டிடி பிழை சொல்லாது. /டெவ் அடைவுக்குள் அந்தப் பெயரில் சாதாரணக் கோப்பு ஒன்றை உருவாக்கி அதில் எழுதும். அந்த அடைவு ரேமில் இருப்பது. எழுதும் வேகம் நம்ப முடியாத அளவுக்கு அதிகமாகத் தெரிந்தால் சந்தேகப்படுங்கள். 'கான்வ்=நோகிரியேட்' (ஆங்கிலத்தில் கடைசி 'இ' எழுத்து இல்லாமல்) சேர்த்துவிட்டால், பெயர் தவறென்றால் டிடி அங்கேயே நின்றுவிடும்.

பை-யூயூஐடியை இந்த வேலைக்கு நம்ப வேண்டாம். ஒரு டிஸ்க்கை அப்படியே குளோன் செய்திருந்தால் இரண்டுக்கும் ஒரே யூயூஐடி. ஆனால் அந்த அடைவில் ஒரு பெயர் ஒன்றைத்தான் சுட்ட முடியும். இரண்டில் எது என்பது அந்த நேரத்து அதிர்ஷ்டம்.

சீரியலிலும் ஒரு சறுக்கல் உண்டு. மலிவான யூஎஸ்பி டாக்குகள் (டிஸ்க்கைச் செருகும் தளங்கள்) உள்ளே இருக்கும் டிஸ்க்கின் சீரியலைக் காட்டாமல் தங்களுடைய சொந்த எண்ணையோ, எல்லாப் பெட்டிக்கும் பொதுவான ஒரு போலி எண்ணையோ காட்டும். ஒரே டாக்கில் இரண்டு டிஸ்க் மாட்டும்போது இது குழப்பும். ஸ்மார்ட்மான்டூல்ஸ் தொகுப்பின் ஸ்மார்ட்சிடிஎல் -ஐ -டி சாட் /டெவ்/எஸ்டிசி என்று கேட்டால், பெரும்பாலான பிரிட்ஜ்களைத் தாண்டி டிஸ்க்கிடமே மாடலையும் சீரியலையும் வாங்கிவந்து தரும். டிஸ்க்கின் மேல் ஒட்டியிருக்கும் லேபிளோடு ஒப்பிட வேண்டியது இந்த எண்ணைத்தான். என்விஎம்இ டிஸ்க்குகளுக்கு 'என்விஎம்இ லிஸ்ட்' இதே விவரத்தை, ஃபர்ம்வேர் பதிப்பையும் எல்பிஏ (செக்டார்) வடிவத்தையும் சேர்த்து, ஒரே வரியில் தருகிறது, ரூட் வேண்டும்.

எதுவுமே நிறுவ முடியாத குட்டி அமைப்புகளில், மீட்புச் சூழலில், கேட் /புரோக்/பார்ட்டிஷன்ஸ் போதும். அதில் அளவு 1024 பைட் தொகுதிகளாக வரும். /சிஸ்/பிளாக்/எஸ்டிஏ/சைஸ் கோப்பில் வரும் எண் எப்போதும் 512 பைட் கணக்கு, டிஸ்க்கின் செக்டார் 4096 ஆக இருந்தாலும் கூட. டிஎஃப் -ஹெச் இந்தப் போட்டியிலேயே இல்லை. அது மவுண்ட் ஆன ஃபைல் சிஸ்டங்களை மட்டும் காட்டும்.

ஒரே டிஸ்க், வேறுவேறு அளவு

1 டிபி என்று விற்கும் டிஸ்க்கில் வழக்கமாக 1,000,204,886,016 பைட், அதாவது 1,953,525,168 செக்டார்கள் இருக்கும். இதை எல்எஸ்பிஎல்கே 931.5ஜி என்கிறது. எஃப்டிஸ்க் 931.51 ஜிஐபி என்று எழுதி, பக்கத்திலேயே பைட்டையும் செக்டாரையும் முழுதாகத் தருகிறது. நேர்மையான வெளியீடு இதுதான். பார்ட்டட் பத்தடிமானத்தில் 1000ஜிபி என்கிறது. விண்டோஸ் இரண்டடிமானத்தில் கணக்கிட்டுவிட்டு 931 ஜிபி என்று பெயர் மட்டும் மாற்றி எழுதுகிறது. மேக் 1.0 டிபி என்கிறது. இரண்டு கருவிகளின் எண்ணை ஒப்பிட்டு 'இடம் காணாமல் போய்விட்டது' என்று முடிவுக்கு வருவதற்கு முன் இரண்டிலும் பைட்டைக் கேளுங்கள்.

விண்டோஸும் மேக்கும்

டிஸ்க்பார்ட்டின் 'லிஸ்ட் டிஸ்க்' நமக்குத் தருவது எண், நிலை, அளவு, ஃப்ரீ, டைனமிக்கா, ஜிபிடியா என்பவை மட்டும். மாடலும் இல்லை, சீரியலும் இல்லை. 'ஃப்ரீ' என்று வருவது பிரிக்காமல் விட்ட இடம்; ஃபைல் சிஸ்டத்தில் மிச்சமிருக்கும் இடம் என்று பலர் தவறாகப் படிக்கிறார்கள். இவ்வளவு குறைவான அடையாளத்தை வைத்துக்கொண்டு, அதே சாளரத்தில், 'ஆர் யூ ஷ்யூர்' என்றுகூடக் கேட்காத 'கிளீன்' கட்டளையையும் வைத்திருப்பது ஆபத்தான சேர்க்கை. 'செலக்ட் டிஸ்க்' செய்தபின் 'டீட்டெய்ல் டிஸ்க்' அடித்தால் மாடல் வரும். 'கிளீன்' அடிப்பதற்கு முன் இதைத் தவறவிடாதீர்கள்.

பவர்ஷெல்லின் கெட்-டிஸ்க் எல்லா வகையிலும் மேல். எண், பெயர், சீரியல், அளவு, பார்ட்டிஷன் பாணி எல்லாம் ஒரே அட்டவணையில். பஸ்டைப் (இணைப்பு வகை) வேண்டுமென்றால் செலக்ட்-ஆப்ஜெக்ட் வழியாக நம்பர், ஃப்ரெண்ட்லிநேம், சீரியல்நம்பர், பஸ்டைப், சைஸ் என்று கேட்டுக்கொள்ளலாம். எஸ்எஸ்டியா ஹார்ட் டிஸ்க்கா என்று கெட்-ஃபிசிக்கல்டிஸ்க் சொல்லும். இரண்டும் விண்டோஸ் 8 காலத்திலிருந்தே இருக்கின்றன. பழைய வழிகாட்டிகளில் வரும் டபிள்யூமிக் கட்டளையை மைக்ரோசாஃப்ட் கைவிட்டுவிட்டது, புதிய ஸ்க்ரிப்டில் போடாதீர்கள். விண்டோஸுக்குள் லினக்ஸை ஓட்டும் டபிள்யூஎஸ்எல் 2க்குள் எல்எஸ்பிஎல்கே அடித்தால் வருவது மெய்நிகர் டிஸ்க்குகள். கணினியில் மாட்டிய பென்டிரைவை அங்கே தேடுவது வீண்.

மேக்கின் டிஸ்க்யூட்டில் லிஸ்ட், இயல்பான வெளியீட்டை மட்டும் வைத்துப் பார்த்தால் எல்லாரையும் முந்துகிறது. ஒவ்வொரு டிஸ்க்கின் தலைப்பிலும் 'இன்டர்னல்', 'எக்ஸ்டர்னல்', 'ஃபிசிக்கல்', 'சிந்தசைஸ்டு' என்று எழுதிவிடுகிறது. ரூட்டும் வேண்டாம். குழப்பம் ஆப்பிளின் ஏபிஎஃப்எஸ் ஃபைல் சிஸ்டம் வந்த பிறகு சேர்ந்தது: ஒவ்வொரு கன்டெய்னருக்கும் தனி டிஸ்க் எண் கிடைப்பதால், ஒரே எஸ்எஸ்டி உள்ள கணினியில் நான்கைந்து டிஸ்க்குகள் தெரியும். 'சிந்தசைஸ்டு' என்று இருந்தால் அதன் கீழே 'ஃபிசிக்கல் ஸ்டோர்' வரியைப் பாருங்கள். உண்மையான இருப்பிடம் அதில் இருக்கும். டிஸ்க்யூட்டில் லிஸ்ட் எக்ஸ்டர்னல் ஃபிசிக்கல் என்று அடித்தால் வெளியே மாட்டிய நிஜ டிஸ்க்குகள் மட்டும் மிஞ்சும். மாடலும் இணைப்பு வகையும் டிஸ்க்யூட்டில் இன்ஃபோவில் வரும்.

எதிலுமே வராத டிஸ்க்

மாட்டிய டிஸ்க் எல்எஸ்பிஎல்கேயில் இல்லையென்றால் வேறு பட்டியல் கருவிகளை மாற்றி மாற்றி ஓட்டிப் பயனில்லை. எல்லாமே கர்னலைத்தான் கேட்கின்றன. முதலில் -ஏ சேர்த்துப் பாருங்கள்: கார்டு இல்லாத ரீடர்போல அளவு 0 உள்ள சாதனங்களை எல்எஸ்பிஎல்கே இயல்பாக மறைக்கிறது. உள்ளே மெமரி சிப் செத்த பென்டிரைவும் இப்படி 0 அளவில் வந்து நிற்கும். அப்போதும் இல்லையென்றால் ரூட்டாக ஜர்னல்சிடிஎல் -கே -எஃப் ஓடவிட்டு, டிஸ்க்கைக் கழற்றி மாட்டுங்கள். ஒரு வரிகூட வரவில்லை என்றால் கேபிள், போர்ட், மின்சாரம். பெரிய ஹார்ட் டிஸ்க்குகளுக்கு முன்பக்க யூஎஸ்பி போர்ட் தரும் மின்சாரம் போதாமல் போவதுண்டு. 'புதிய யூஎஸ்பி சாதனம்' என்று வந்து, எல்எஸ்யூஎஸ்பியிலும் தெரிந்து, எஸ்டி பெயர் மட்டும் வரவில்லையென்றால் பிரிட்ஜ் உயிரோடு இருக்கிறது, அதற்குப் பின்னால் இருக்கும் டிஸ்க் பதில் சொல்லவில்லை. டிஸ்க்கைப் பெட்டியிலிருந்து எடுத்து நேரடியாக சாட்டாவில் மாட்டிப் பார்க்க வேண்டிய கட்டம் அது.

மடிக்கணினியில் லினக்ஸ் நிறுவும்போது உள்ளே இருக்கும் என்விஎம்இ மட்டும் தெரியாமல் போனால் பயாஸைத் திறந்து சேமிப்பக முறையைப் பாருங்கள். இன்டெல் ஆர்எஸ்டி அல்லது ரெய்டு என்று வைத்திருந்தால் டிஸ்க் அந்தக் கன்ட்ரோலருக்குப் பின்னால் மறைந்திருக்கும். ஏஹெச்சிஐ என்ற வழக்கமான முறைக்கு மாற்றினால் பட்டியலில் வந்துவிடும். ஏற்கெனவே விண்டோஸ் இருக்கும் கணினியானால், மாற்றுவதற்கு முன் அதை சேஃப் மோடில் தொடங்கும்படி அமைத்து, பயாஸை மாற்றி, சேஃப் மோடில் ஒருமுறை ஏற்றி, பிறகு அந்த அமைப்பை நீக்குங்கள். டிஸ்க் மறைகுறியாக்கம் இயக்கத்தில் இருந்தால் மீட்புக் குறியீட்டையும் முன்பே எடுத்து வைத்திருக்க வேண்டும். இந்த மாற்றத்துக்குப் பிறகு விண்டோஸ் அதைக் கேட்கக்கூடும்.